ஆறாவது நட்டு

வியாழக்கிழமை காலை, சிதம்பரம் பைபாஸ் ஓரம், கதிரவன் மகால் சமையல்கட்டில் இருந்தவர்கள்:

இன்ஸ்பெக்டர் தில்லைநாதன். கையில் லத்தி. கேஸ் முடிந்துவிட்டது, இனி பேப்பர் வேலைதான் என்ற முகம்.

கதிரவன். மண்டபத்தின் முதலாளி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

பொன்னுரங்கம். கேஸ் அடுப்பு மெக்கானிக். கையில் விலங்கு. மேல் உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. கொலைகாரன் என்று எழுதியாகிவிட்டது.

இருசம்மாள். பந்தியில் எச்சில் இலை எடுப்பவள். விளக்குமாற்றோடு சுவர் ஓரம் நின்றாள். அவளை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அருள்மொழி. தீ பிடித்த இடத்தைப் பார்த்து, எங்கே பிடித்தது, யார் பிடிக்க வைத்தது என்று சொல்வது அவள் தொழில். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியிருந்தது. அதனால்தான் இன்ஸ்பெக்டர் உள்ளே விட்டார்.

ராஜ்கமல். அவளுடைய உதவியாள். முன்பு கடலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஆட்டோவை விற்றுவிட்டான். வாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தலைமைச் சமையல்காரன் இளவரசுவும் ஒரு வகையில் இருந்தான். ஸ்டோர் ரூமில் தரை முழுக்கக் கறுத்திருந்தது. ஒரு ஆள் சுருண்டு படுக்கும் அளவுக்கு மட்டும் கறுக்காமல் சிமென்ட் தெரிந்தது. உடலை நேற்றுக் காலையே எடுத்துப் போய்விட்டார்கள்.

"ஒரு மணி நேரம் மேடம்," என்றார் தில்லைநாதன். "அப்புறம் இவனை மாஜிஸ்ட்ரேட்கிட்ட நிறுத்திட்டு, சாயந்திரத்துக்குள்ள கடலூர் ஜெயில்ல விட்டுடணும்."

"டூர் பேக்கேஜ் மாதிரி சொல்றாரு அக்கா," என்றான் ராஜ்கமல். "பிச்சாவரம் போட்டிங்தான் விட்டுப்போச்சு."

அருள்மொழி சிரிக்கவில்லை. அன்று விடியும்போதே கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியது பொன்னுரங்கத்தின் மனைவி மாலதி. அழவில்லை. "அவரு ஒரு நாளும் நட்டை லூஸா விட மாட்டாரு. ஆனா இன்னும் ரெண்டு அடி விழுந்தா விட்டேன்னு ஒத்துக்குவாரு. அதுக்கு முன்னாடி போங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

"என்ன நடந்துதுன்னு சொல்லுங்க," என்றாள் அருள்மொழி.

கதிரவன் சொன்னான். நிதானமாக, பல தடவை சொல்லிப் பழகியவன் மாதிரி. செவ்வாய்க்கிழமை கல்யாணச் சாமான் வந்து இறங்கியது. சாமான் இறங்கினால் இளவரசு வீட்டுக்குப் போக மாட்டான். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளோடு படுத்துக்கொள்வான். அன்று சாயந்திரம் பொன்னுரங்கம் புதுக் குழாய் போட வந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் சண்டை. ராத்திரி கேஸ் கசிந்து மண்டபம் பற்றிக்கொண்டது.

"நான் அப்ப கடலூர்ல இருந்தேன். தங்கச்சி வீட்ல. விடியக்காலையில போன் வந்து ஓடியாந்தேன். ஃபயர் சர்வீஸ்காரங்க கிளம்பிட்டாங்க. சிலிண்டர் கொட்டாயில போய்ப் பாத்தா, கொழாயில கடைசி நட்டு லூஸா கெடக்கு. ஆறாவது. தொட்டா சுத்துது. அதுலேருந்துதான் கேஸ் வந்திருக்கு."

"சண்டையில 'உன்னைக் கொளுத்திடுவேன்'னு இவன் கத்தியிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன்தான் சார் என்னைச் சொன்னான்," என்றான் பொன்னுரங்கம். கிழிந்த உதட்டில் வார்த்தை வழுக்கியது. "அடுப்பு சரியா எரியலன்னா உன்னைக் கொளுத்திடுவேன்னான். சமையக்காரங்க பேச்சே அதான் சார்."

லத்தி அவன் முழங்காலில் விழுந்தது. மரத்தில் அடித்த சத்தம். பொன்னுரங்கம் கத்தவில்லை. மூச்சு மட்டும் போய்த் திரும்பி வந்தது.

"இது அவனோட ஸ்பானர்." இன்ஸ்பெக்டர் ஒரு பாலிதீன் கவரை மேடையில் போட்டார். "கொட்டாயில கெடந்துச்சு."

பெரிய ஸ்பானர். பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அருள்மொழி அதைப் பார்த்தாள். மேலே உருகித் தொங்கிய பிளாஸ்டிக் விசிறியைப் பார்த்தாள். மறுபடி டேப்பைப் பார்த்தாள்.

"இது தீயில இல்ல சார். டேப் அப்படியே இருக்கு. தீ அணைஞ்சப்புறம்தான் இது கொட்டாய்க்கு வந்திருக்கு."

"என் சாமான் பை மண்டபத்து ஆபீஸ் ரூம்ல இருந்துச்சுங்க," என்றான் பொன்னுரங்கம் அவசரமாக. "மறுநாள் வேலை பாக்கி இருந்துச்சு, வெச்சிட்டுப் போனேன்."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். ராஜ்கமல் அருள்மொழியின் காதருகே வந்தான்.

"அக்கா, முதலாளியை எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு. என் போன்லயே இருக்காரு."

போன மாத வீடியோ. இதே மண்டபத்தின் பந்தி. இருசம்மாள் இலை எடுக்கும்போது ரசம் சிந்தி வெள்ளை பேன்ட்டில் படுகிறது. கதிரவன் அவள் வயிற்றில் உதைக்கிறான். அவள் இலைகளோடு விழுகிறாள். சமையல்கட்டிலிருந்து ஒரு முரட்டு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறான். ஒரே அறை. கதிரவன் சாம்பார் வாளிமேல் உட்கார்கிறான். யாரோ அதில் சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள்.

"அறைஞ்சது இளவரசு," என்றான் ராஜ்கமல். "நெய்வேலி வரைக்கும் சுத்திருச்சு. எங்க ஆட்டோ குரூப்ல இதுதான் குட்மார்னிங் மெசேஜ்."

"போனை உள்ள வை. கொட்டாய்க்கு வா."

சமையல்கட்டின் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை. கதிரவன் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உள்ளேயே நின்றுகொண்டான்; இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கத்தை இழுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்துக் குளிர வைத்ததால் வெடிக்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு ட்யூப் போய்ச் சுவரில் ஓடும் இரும்புக் குழாயில் சேரும். சேரும் இடத்தில் பித்தளை நட்டு. ட்யூப்கள் எரிந்து உள்கம்பி மட்டும் தொங்கியது. ரெகுலேட்டர் உருகிச் சுவரில் எச்சில் மாதிரி வழிந்து உறைந்திருந்தது. பித்தளை மட்டும் கறுத்து, உருகாமல் நின்றது.

அருள்மொழி கையுறை போட்டுக்கொண்டு முதல் நட்டை இரண்டு விரலால் பிடித்தாள். சுற்றியது. இரண்டாவதும் சுற்றியது.

"பாத்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் ரெண்டு மூணு தொட்டுப் பாத்தேன். அத்தனையும் லூஸு."

"லூஸாதான் சார் இருக்கும். உள்ள இருக்கற வாஷர் எரிஞ்சு போச்சு. பித்தளை சூட்டுல விரிஞ்சு, ஆறும்போது சுருங்கியிருக்கு. எரிஞ்ச எந்தச் சமையல்கட்டுலயும் போய்த் தொட்டுப் பாருங்க, நட்டு ஆடும். அதை வெச்சு ஆளைப் புடிச்சா ஜில்லாவுல ஒரு மெக்கானிக் மிஞ்ச மாட்டான்."

மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் ஆடின.

ஆறாவது அசையவில்லை.

அவள் குனிந்தாள். நட்டின் கறுப்பில் ஸ்பானர் பல் கடித்த தடம். கடித்த இடத்தில் மட்டும் பித்தளை மஞ்சளாக மின்னியது. கரி படிந்த பிறகு விழுந்த கடி.

"இது மட்டும் இறுக்கமா இருக்கு," என்றாள். "தீ அணைஞ்சப்புறம் யாரோ இதைச் சுத்தியிருக்காங்க."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

தில்லைநாதன் சிரித்தார். "அதத்தான் மேடம் நான் தேடிக்கிட்டு இருந்தேன். இவன் திரும்பி வந்திருக்கான். தான் லூஸா விட்ட நட்டைத் தானே இறுக்கிட்டு, பயத்துல ஸ்பானரைப் போட்டுட்டு ஓடியிருக்கான். ஸ்பானர் எரியலன்னு நீங்களே சொன்னீங்க. கேஸை முடிச்சுக் குடுத்துட்டீங்க."

லத்தி இரண்டு முறை இறங்கியது. இந்தத் தடவை பொன்னுரங்கம் தரையில் விழுந்தான். விலங்கு போட்ட கையால் தலையை மூடிக்கொண்டான்.

"நான் வரலீங்க! நான் வரவே இல்லீங்க!"

"அக்கா," என்றான் ராஜ்கமல் மெதுவாக, "நம்ம எந்தப் பக்கம்?"

"வாயை மூடு."

அவள் ஸ்டோர் ரூமுக்கு நடந்தாள். நடை வேகமாக இருந்தது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான் வரும்.

ஸ்டோர் ரூம் சமையல்கட்டின் கோடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. மேலே காரை மொத்தமாக உதிர்ந்து, உள்ளே கான்கிரீட் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. இரண்டு இடத்தில் கம்பி வெளியே வந்திருந்தது. வாசற்படிக்குக் கீழே சிமென்ட் பொரிந்து பெயர்ந்திருந்தது.

"கான்கிரீட் ரொம்ப வெந்தாதான் ரோஸ் ஆகும். கொட்டாய்ச் சுவர்ல சாம்பல் கலர்லயே இருக்கு," என்றாள். "வெறும் கரிதான். சூடு இங்கதான் ஜாஸ்தி. இந்த வாசல்லதான் ஆரம்பிச்சிருக்கு, கேஸ்ல இல்ல."

"டீசலா?" என்றான் பின்னாலேயே வந்த ராஜ்கமல்.

"ஜெனரேட்டருக்கு வெச்சிருந்த டீசலா இருக்கலாம். டெஸ்ட்டுலதான் தெரியும். பொரிஞ்ச சிமென்ட்டைச் சொரண்டி எடு."

கதவு இரும்புத் தகடு. திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வெளிப் பக்கம் தாழ்ப்பாள். உள் பக்கம் பெயின்ட் முழுவதும் வெந்து உதிர்ந்துவிட்டது. அருள்மொழி கதவின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். மெல்லிய கரி போனதும் பச்சை பெயின்ட் வந்தது. கொப்புளம்கூட இல்லை.

"கதவு தொறந்து இருந்திருந்தா இந்த விளிம்பு வெந்திருக்கும். வேகல. நிலைச் சட்டத்துக்குள்ள உக்காந்திருக்கு. தீ நல்லா எரியும்போது கதவு மூடி இருந்திருக்கு ராஜ்கமல்."

"ஃபயர் சர்வீஸ் ரிப்போர்ட்ல தொறந்திருந்துச்சுன்னு இருக்கே?"

"அவுங்க வர்றதுக்குள்ள ஒருத்தன் தொறந்துட்டான், வெளித் தாழ்ப்பாள் போட்டது தெரியக் கூடாதுன்னு."

ராஜ்கமல் கிட்டே போனான். கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான். நெஞ்சு உயரத்தில் தகடு வெளியே பிதுங்கியிருந்தது. உள்ளேயிருந்து தோளால் மோதினால் அப்படிப் பிதுங்கும். நிறைய முறை மோத வேண்டும்.

அருள்மொழி தாழ்ப்பாளின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் காய்ந்த அப்பளத் துண்டு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. சுருங்கி, மஞ்சளாக, ஓரத்தில் கோடு கோடாக.

"என்னாக்கா அது?"

"தோல். உள்ளங்கைத் தோல். கொதிக்கிற இரும்பைப் புடிச்சு இழுத்திருக்கான். பிளேடால எடுத்து கவர்ல போடு."

ராஜ்கமல் எடுத்தான். கவரின் வாயை இரண்டு முறை மடித்தான். "ஷேர் ஆட்டோல இந்த மாதிரி பிரச்சினையெல்லாம் இல்லக்கா. சில்லறைதான் பிரச்சினை."

அவள் கொட்டகை வாசலுக்குத் திரும்பி வந்து பொன்னுரங்கத்தின் முன் குந்தினாள். "கையைக் காட்டுங்க."

காட்டினான். விரல் முட்டிகள் லத்தி அடியில் வீங்கியிருந்தன. உள்ளங்கைகள் முழுசாக இருந்தன.

"சார், கதவைத் தொறந்தவன் இவன் இல்ல."

"இருக்கட்டும் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "துணி சுத்தித் தொறந்திருப்பான். தோலு ஃபயர் சர்வீஸ்காரன் எவனோடதாவது இருக்கும். நட்டை இறுக்கினது யாரு? அதுக்குப் பதில் சொல்லுங்க. நேரமாவுது." வெளியே ஜீப்பை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது.

அந்த நட்டு. அங்கேயே வந்து நின்றது எல்லாம். பயந்துபோன மெக்கானிக் ஒருவன் இறுக்கியிருந்தால், ஐந்தை விட்டுவிட்டு ஏன் ஒன்றை மட்டும் இறுக்கினான்? அதுவும் கடைசியாக இருந்த நட்டை?

"ராஜ்கமல், அஞ்சாவது நட்டைக் கழட்டி கவர்ல போடு. ஸ்பானர் நம்ம பெட்டில இருக்கு."

அவன் கொட்டகைக்குள் போனான். ஸ்பானர் உரசும் சத்தம். பிறகு முனகல். பிறகு கெட்ட வார்த்தை.

"அக்கா, லூஸுன்னு சொன்னீங்க. மொதல்ல சும்மா சுத்துச்சு, இப்ப மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி உக்காந்துகிட்டு வர மாட்டேங்குது."

அருள்மொழி அவன் கையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் சுத்துன?"

"இது என்னாக்கா கேள்வி? தண்ணிக் கொழாய் நட்டை எந்தப் பக்கம் சுத்துவேனோ அந்தப் பக்கம்."

அவள் அப்படியே நின்றாள். அன்று காலை முதல் முறையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"கேஸ் நட்டுக்கு மரை தலைகீழ்டா. மத்த நட்டை இறுக்கற பக்கம் சுத்தினாதான் இது கழலும். தண்ணிக் கொழாய்னு நெனச்சு நீ கழட்டுன. அது இறுகிடுச்சு."

ராஜ்கமல் ஐந்தாவது நட்டைப் பார்த்தான். ஆறாவதைப் பார்த்தான். இரண்டும் இப்போது ஒரே மாதிரி இருந்தன. ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி மஞ்சள் கடி.

"அக்கா," என்றான். "இது..."

"ஆமா. வாயைத் தொறக்காம என் பின்னாடியே வா."

கதிரவன் சமையல் மேடையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் இடது கையில். வலது கை இன்னும் பாக்கெட்டில். இன்ஸ்பெக்டரும் பொன்னுரங்கத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. நீங்க பாத்த லூஸ் நட்டு எது?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? கடைசி நட்டு. தொட்டா சுத்துச்சு."

"இன்ஸ்பெக்டர் சார், நீங்க கடைசி நட்டைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"அதைத் தொடல, நீங்க சொன்னதைக் கேட்டதோட சரி..." தில்லைநாதன் கொட்டகைக்குப் போனார். கையால் முறுக்கினார். லத்தியை அக்குளில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் முறுக்கினார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"ஆறு நட்டுல அஞ்சு ஆடுது," என்றாள் அருள்மொழி. "ஆடாத ஒண்ணே ஒண்ணை 'ஆடுச்சு'ன்னு சொல்ற ஒரே ஆள் நீங்க. ஏன்னா அதைக் கழட்டினதா நீங்க நெனச்சுகிட்டு இருக்கீங்க. பொன்னுரங்கம் பையிலேருந்து ஸ்பானரை எடுத்தீங்க. அவன் லூஸா விட்ட மாதிரி காட்டணும்னு சுத்தினீங்க. மொதல்ல நகந்துச்சு. வந்துடுச்சுன்னு விட்டுட்டீங்க. இந்த மண்டபத்துல இத்தனை வருஷமா அடுப்பு எரியுது, நீங்க ஒரு நாளும் அந்தக் கொட்டாய்க்குள்ள கையை வெச்சதில்ல. கேஸ் நட்டு தலைகீழா சுத்தும்னு தெரிஞ்ச எவனும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். பொன்னுரங்கம் தூக்கத்துலகூடப் பண்ண மாட்டான்."

"ஒரு நட்டை வெச்சுக்கிட்டு..."

"ஏன் ஒரு நட்டு மட்டும்னு நானும் யோசிச்சேன். உங்களுக்கு வேலை செய்ய ஒரு கைதான் இருந்துச்சு. வலது கையைக் காட்டுங்க."

"மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"நேத்து மொதலாளி எடது கையால சோறு தின்னாரு."

எல்லோரும் திரும்பினார்கள். இருசம்மாள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "நான்தான் எலை எடுத்தேன். இன்னா புதுப் பழக்கம்னு நெனச்சேன்."

கதிரவன் டம்ளரை வைத்தான். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தான். உள்ளங்கையில் வெள்ளைத் துணிக்கட்டு. நடுவில் மஞ்சள் நீர் ஊறியிருந்தது.

பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது.

அவன் இடது கை மேடையில் கிடந்த பாலிதீன் கவரோடு ஸ்பானரைப் பிடித்தது. முதல் வீச்சு ராஜ்கமலின் காதுக்கு மேலே. அவன் பாத்திரங்கள்மேல் சரிந்தான். இரண்டாவது இன்ஸ்பெக்டரின் தோள் எலும்பில். முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லத்தி உருண்டு போனது.

"அத்தனை பேர் முன்னாடி அறைஞ்சான்!" கதிரவன் கத்தினான். வாயோரம் நுரை. "எச்சி எலை பொறுக்கறவளுக்காக! என் மண்டபத்துல, என் கன்னத்துல! சின்னப் பசங்க போன்ல பாத்துட்டு என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கறானுங்க! உள்ள இருந்து தட்டினான். கெஞ்சினான். மொதலாளின்னு கூப்பிட்டான். அறைஞ்ச அன்னிக்குக் கூப்பிடல, அந்த ராத்திரி கூப்பிட்டான். தட்டறது நிக்கற வரைக்கும் நின்னு கேட்டேன்!"

ஸ்பானர் அருள்மொழியின் தலைக்கு வந்தது. அவள் குனிந்தாள். அது சுவரில் மோதி ஓடு தெறித்தது. அவள் பின்வாங்கவில்லை. அவனுடைய வலது கையைப் பிடித்தாள். துணிக்கட்டின்மேல் ஐந்து விரலையும் வைத்து, முழு பலத்தோடு நசுக்கினாள்.

அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. ஸ்பானர் விழுந்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போனான். கால் வாசற்படியில் தடுக்கியது. ஸ்டோர் ரூமுக்குள் மல்லாக்க விழுந்தான், கறுக்காத அந்த இடத்தின்மேல்.

கதவை மூடியது இருசம்மாள்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, தகடு முழுவதையும் முதுகால் தள்ளி மூடினாள். உள்ளேயிருந்து அவன் மோதினான். அவள் உடம்பு அதிர்ந்தது. நகரவில்லை. ராஜ்கமல் காதில் ரத்தம் வழிய எழுந்து வந்து அவள் பக்கத்தில் தோளைக் கொடுத்தான்.

"சாவி," என்றார் தில்லைநாதன். தரையில் உட்கார்ந்து தொங்கும் கையைப் பிடித்திருந்தார். அருள்மொழியைப் பார்க்கவில்லை. பொன்னுரங்கத்தையும் பார்க்கவில்லை. "விலங்கு சாவி. சட்டை பாக்கெட்ல இருக்கு. எடுத்துக்குங்க."

அவள் எடுத்தாள். விலங்கு கழன்றது. பொன்னுரங்கம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலதிக்கு போன் பண்ண வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே கொஞ்ச நேரம் ஆனது.

"இருசம்மா! ஏய்! கதவைத் தொறடி!" உள்ளே கை தகட்டில் அடித்தது. "இருட்டா இருக்கு! தொறந்துடு! இருசம்மா... அம்மா... தொறந்துடும்மா!"

"அன்னிக்கும் இப்படித்தான் தட்டியிருப்பான் அந்தப் புள்ள," என்றாள் அவள்.

தாழ்ப்பாள் சூட்டில் வளைந்து போயிருந்தது. அவள் கையால் தள்ளினாள். பாதியில் நின்றது. மறுபடி தள்ளினாள். போகவில்லை. ராஜ்கமல் கையை நீட்டினான். அவள் அவனை விலக்கினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஒரு அடி பின்னால் வந்து, வலது காலைத் தூக்கி, குதிகாலால் ஒரு உதை விட்டாள்.

தாழ்ப்பாள் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்தது.